ஹியூகனாட் முன்னோரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மருமகள் கேப் டவுனில் பிறந்தவர். அவருடைய தாய்வழி முன்னோர் மதத்துக்காகப் பிரான்சை விட்டு ஓடிவந்த ஹியூகனாட்டுகள் என்று அவர்கள் வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். பேத்தி பிறந்தபோது, அவளுக்காக அந்தப் பேச்சைச் சரிபார்க்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து பழைய சபைப் பதிவேடுகளே என் மாலைநேரத் துணை. லண்டன், டர்பன், கொழும்பு, சென்னை என்று பல ஊர்களில் இருக்கும் நண்பர்களும் உறவினரும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

ஹியூகனாட்டுகள் என்று பள்ளியில் படித்த நினைவு மட்டும் இருக்கிறது. அவர்கள் யார்?

16ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் போதனையை ஏற்றுக்கொண்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள். 1572 ஆகஸ்டில் புனித பார்த்தலோமேயு திருநாளன்று பாரிசில் தொடங்கிய படுகொலையில் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1598இல் மன்னர் நான்காம் ஹென்றி நான்ட் ஆணையின் மூலம் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். அவருடைய பேரன் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் அதைப் பறித்தார்.

தேடுபவர்கள் மறக்கக்கூடாத செய்தி இதற்குள் ஒன்று இருக்கிறது. போதகர்கள் 15 நாட்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். மற்ற மக்களோ வெளியேறவே கூடாது. எல்லையில் பிடிபட்ட ஆண்களைத் துடுப்புக் கப்பல்களில் பிணைத்தார்கள், பெண்களைச் சிறையில் அடைத்தார்கள். அப்படியும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பேர் தப்பினார்கள். இரவில் ஒளிந்து ஓடியவர் கையில் பயணச்சீட்டு ஏது? புறப்பட்ட துறைமுகத்தில் அவர் பெயரை எழுதிக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தானே? நேரே பிரான்சின் ஆவணங்களில் தேடினால் என்ன?

பெரும்பாலோர் இங்கேதான் மாதக்கணக்கை வீணாக்குகிறார்கள், நானும் வீணாக்கினேன். பிரான்சில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் ஊர் ஊராகத்தான் இருக்கின்றன. ஊர் தெரியாமல் அங்கே போவது, தாலுகா தெரியாமல் பட்டா தேடுவதைப் போன்றது.

அந்த ஊரின் பெயர் பெரும்பாலும் அடைக்கலம் கொடுத்த நாட்டின் ஏட்டில்தான் கிடைக்கும். வந்து சேர்ந்தவரைப் புதிய சபை, 'நீ யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை' என்று கேட்டு எழுதிக்கொண்டது. ஆகவே உங்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்: உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணப் பதிவு, தாத்தாவின் இறப்புப் பதிவு. ஒவ்வொரு படியிலும் இன்னார் இன்னாருடைய பிள்ளை என்று சொல்லும் ஓர் ஆவணம் கையில் இருக்க வேண்டும். முதன்முதலில் வந்திறங்கியவரை எட்டிய பிறகுதான் பிரான்சைத் தொட வேண்டும்.

எங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர். அதுவே ஹியூகனாட் என்பதற்குச் சான்றில்லையா?

இல்லை. பிரெஞ்சுப் பெயரோடு கத்தோலிக்கரும் கடல் கடந்தார்கள். 1789 புரட்சிக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். கால்வாய்த் தீவுகளான ஜெர்சி, கெர்ன்சி மக்களுக்கும் பிரெஞ்சுப் பெயர்கள் உண்டு. இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டிலேயே ஓடிவந்த வாலூன் புராட்டஸ்டண்டுகள் தனி அலை. அவர்களும் பின்னர் வந்த ஹியூகனாட்டுகளும் ஒரே பிரெஞ்சு மொழிச் சபைகளில் கலந்ததால் ஏடுகளில் பிரித்தறிவது கடினம்.

பெயரை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சான்று என்பது சபைப் பதிவேட்டிலோ உதவித்தொகைப் பட்டியலிலோ குடியுரிமைப் பத்திரத்திலோ உங்கள் முன்னோர் நேரடியாகத் தென்படுவதுதான்.

எங்கள் பெயர் இன்றைக்கு எழுதப்படும் விதத்தில் எந்த ஏட்டிலும் இல்லையே?

இருக்காது. எழுதியவர் டச்சுக்காரராகவோ ஆங்கிலேயராகவோ இருந்தார். காதில் விழுந்ததை எழுதினார். தென்னாப்பிரிக்காவில் பினார் என்பது பினாராகவே நிற்கவில்லை, பீனார் ஆனது. வில்லியோன் ஃபில்யூன் ஆனது. குரோனியே என்ற பெயர் எழுத்து மாறி எழுத்து மாறி நிலைத்தது. அமெரிக்க விடுதலைப் போரின் நாயகர் பால் ரெவியரின் தந்தை பிறந்தபோது அப்போலோஸ் ரிவுவார். பாஸ்டனில் வெள்ளிவேலை கற்று ரெவியர் ஆனார்.

இன்னொரு வகை, பொருளையே மொழிபெயர்த்துக்கொள்வது. வெள்ளை என்று பொருள்படும் பிளான் இங்கிலாந்தில் ஒயிட் ஆகலாம். காடு என்று பொருள்படும் டியூபுவா உட் ஆகலாம். எனவே எழுத்தைவிட ஒலியையும் பொருளையும் பின்தொடருங்கள். பெயரைப் பலமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்து, தோன்றும் எழுத்துக் கோவைகள் அனைத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு தேடுங்கள். எளிய வழி இது, எனக்குப் பலமுறை கைகொடுத்தது.

எங்கள் வழி இங்கிலாந்தில் நிற்கிறது. அங்கே என்ன கிடைக்கும்?

நிறையக் கிடைக்கும். ஏறத்தாழ 50,000 பேர் அங்கே போனார்கள். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர் தெருக்கள் அவர்களால் நிறைந்தன. 1550இல் ஆறாம் எட்வர்டு அளித்த சாசனத்தின்படி எழுந்த பிரெஞ்சுச் சபை த்ரெட்நீடில் தெருவில் இருந்தது. இத்தகைய சபைகளின் பதிவேடுகளை 1840இல் அரசு சேகரித்தது; அவை லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1885இல் தொடங்கிய ஹியூகனாட் சங்கம் அவற்றில் பெரும்பகுதியை அச்சிட்டுப் பெயரடைவும் சேர்த்திருக்கிறது. முதலில் அந்த அச்சுத் தொகுதிகளைப் பாருங்கள். பிறகு மூலப் பதிவேட்டின் படத்தோடு ஒப்பிடுங்கள்.

சிலர் 1754க்குப் பிறகு பிரெஞ்சுச் சபையில் திருமணப் பதிவே இல்லை என்று பதறுகிறார்கள். குடும்பம் எங்கும் போய்விடவில்லை. 1753இல் வந்த திருமணச் சட்டம், யூதர்களையும் குவேக்கர்களையும் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும் என்றது. அக்கம்பக்கத்துப் பங்கு ஆலய ஏட்டைத் திறங்கள்.

'குற்ற ஒப்புகை' என்று ஒரு பதிவில் என் முன்னோர் பெயர் வருகிறது. அவர் ஏதாவது தவறு செய்தாரா?

இதைக் கேட்ட பெண்மணியின் குரலில் ஒரு கலக்கம் இருந்தது. அதனால் விரிவாகச் சொல்கிறேன். 1681 முதல் அரசர் குதிரைப்படை வீரர்களை ஹியூகனாட் வீடுகளில் தங்கவைத்தார். அவர்கள் தின்றார்கள், உடைத்தார்கள், அடித்தார்கள், தூங்கவிடாமல் வதைத்தார்கள். வீட்டுக்காரர் மதம் மாறியதாகக் கையெழுத்திட்ட பிறகே வெளியேறினார்கள். லட்சக்கணக்கானோர் அப்படித்தான் கையெழுத்திட்டார்கள்.

பின்னர் தப்பி லண்டனுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ வந்தவர்கள், பேதுரு இயேசுவை மறுதலித்துவிட்டு மனம் கசந்து அழுததைப் போல, சபை முன் நின்று தங்கள் மறுதலிப்பை ஒப்புக்கொண்டு மீண்டும் சேர்ந்தார்கள். அந்தப் பதிவே உங்கள் கையில் இருப்பது. அதில் நாள், பெயர், பல நேரங்களில் பிறந்த ஊரோ மாகாணமோ இருக்கும். வம்சாவளி தேடுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. மேலே இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்த ஊர்ப் பெயர் இங்கேதான் பலருக்கு அகப்படுகிறது.

இதற்கு இணையானது நற்சான்றுக் கடிதம். ஒரு சபையிலிருந்து மறு சபைக்குப் போகும்போது, 'இவர் நம் விசுவாசி' என்று மூப்பர்கள் எழுதிக்கொடுத்தது. த்ரெட்நீடில் தெரு சபை பெற்ற இத்தகைய கடிதங்களின் பட்டியல் அச்சில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர்களை எப்படித் தேடுவது? கிரிக்கெட் வீரர் டு பிளெஸ்ஸி அந்த வழிதானா?

சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையில் பார்த்த பெயர் என்பதால் எல்லாரும் கேட்கிறார்கள். ஆம், அந்தக் குடும்பப் பெயர் 1688இல் ஊஸ்டர்லான்ட் என்ற கப்பலில் வந்த புவாத்தியே ஊர் மருத்துவர் ழான் பிரியர் டு பிளெஸ்ஸியோடு கேப்புக்கு வந்தது. டிவில்லியர்ஸ் என்பது 1689இல் சீயோன் என்ற கப்பலில் வந்த மூன்று சகோதரர்களின் பெயர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1688, 1689ஆம் ஆண்டுகளில் கொண்டுவந்தது மொத்தத்தில் இருநூறு பேருக்கும் உட்பட்ட சிறு கூட்டம். அவர்களுக்கு டிராக்கன்ஸ்டைனிலும், பின்னர் ஃபிரான்ஸ்ஹூக் எனப் பெயர்பெற்ற பள்ளத்தாக்கிலும் நிலம் கொடுத்தது. டச்சுக் குடியானவர்களின் பண்ணைகளுக்கு நடுவே கலந்து குடியமர்த்தியதால், இரண்டு மூன்று தலைமுறைக்குள் பிரெஞ்சு பேச்சு அழிந்தது.

கூட்டம் சிறியது என்பதால் ஆவணங்களைக் கைக்குள் அடக்கலாம். டிராக்கன்ஸ்டைன் சபை ஏடுகள், கம்பெனியின் வருடாந்திர வரிப்பட்டியல்கள், இறந்தவர் வீட்டுப் பாத்திரம் பண்டம் வரை எழுதிய சொத்துப் பட்டியல்கள், உயில்கள் எல்லாம் உண்டு. பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த சபை இந்த அகதிகளுக்காகத் திரட்டி அனுப்பிய பணத்தை 1690இல் பங்கிட்டபோது எழுதிய பட்டியல் எனக்கு மிகவும் பிடித்தது. தலைக்கட்டு வாரியாக அந்தச் சமூகமே அதில் நிற்கிறது. 1834 முதல் இறப்பு அறிவிப்புப் படிவங்கள் கிடைக்கும். இறந்தவரின் பெற்றோர் பெயரும் பிள்ளைகள் பெயரும் அவற்றில் இருக்கும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து பின்னோக்கி ஏற இதுவே ஏணி.

கேப் குடும்ப நூல்களில் b3c5d2 போன்ற குறியைக் கண்டு மிரள வேண்டாம். வந்திறங்கியவர் a, அவருடைய மூன்றாவது பிள்ளை b3, அந்தப் பிள்ளையின் ஐந்தாவது பிள்ளை c5, இப்படியே போகும்.

ஒரே பெயரில் ஏழு பேர் இருக்கிறார்கள். எங்கள் ஆள் யார் என்று எப்படிப் பிரிப்பது?

நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைப்பதால்தானே பெயரன், பேரன் ஆனான்? கேப் குடும்பங்களிலும் அதே வழக்கம், அதுவும் ஒழுங்கோடு. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர். ஐந்து மகன்களும் தங்கள் தந்தையின் பெயரை மூத்த பிள்ளைக்கு வைத்தால், ஒரே ஊரில் ஒரே வயதில் ஐந்து பியேர் திரிவார்கள்.

பிரித்தறியும் கருவி மனைவியின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும். பிரெஞ்சு, டச்சுப் பதிவேடுகள் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதும். ஆங்கிலப் பதிவேடுகளில் கணவன் பெயருக்குள் மறைந்துபோகும் பெண்கள் இங்கே முழுப் பெயரோடு இருக்கிறார்கள். ஞானஸ்நானத்தின்போது நின்ற ஞானப்பெற்றோர் பெரும்பாலும் மாமா, அத்தை, பெரியப்பா, தாத்தா. ஒரு பிள்ளையின் பதிவை மட்டும் எடுக்காமல், உடன்பிறந்தோர் அனைவரின் பதிவுகளையும் எடுத்து ஞானப்பெற்றோரை வரிசையாக எழுதினால், உறவுமுறை தானாகத் தெளியும்.

நேரே கேப்புக்கோ அமெரிக்காவுக்கோ வந்திருப்பார்களா? நடுவில் எங்காவது தங்கியிருப்பார்களா?

தங்கியிருப்பார்கள், சில வேளை ஒரு தலைமுறையே. தென் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் ஜெனீவாவில் உதவித்தொகை வாங்கி, ஃபிராங்க்ஃபர்ட் பிரெஞ்சுச் சபையில் இரண்டு நாள் சோறு தின்று, ஜெர்மனியின் பிராண்டன்பர்க் போய்ச் சேர்வார். அந்நாட்டுத் தலைவர் 1685இலேயே போட்ஸ்டாம் ஆணை மூலம் அழைத்திருந்தார். ஏறத்தாழ 20,000 பேர் அங்கே குடியேறினார்கள். 1699இல் எடுத்த பிரெஞ்சுக் குடியேறிகள் கணக்கு, பலருடைய சொந்த ஊரையும் சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தின் நியூ பால்ட்ஸை 1670களில் நிறுவிய குடும்பங்களும் ஜெர்மனியின் பலாட்டினேட் பகுதியில் தங்கிவிட்டே வந்தன.

நெதர்லாந்து வழியாகப் போனவர்களுக்கு வாலூன் சபைகளின் பதிவுகளிலிருந்து எடுத்து எழுதிய பெரும் அட்டைத் தொகுப்பு உண்டு. ஞானஸ்நானம், திருமணம், சபைச் சேர்க்கை என ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. நாடு எதுவென்றே புரியாத நிலையில் அதைத்தான் முதலில் புரட்டச் சொல்வேன்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. படிக்க முடியுமா?

முடியும். பதிவேட்டு மொழி ஐம்பது அறுபது சொற்களுக்குள் அடங்கும். நத்தீஃப் என்றால் பிறந்தவர். வெவ் என்றால் விதவை. பாரேன், மாரேன் இருவரும் ஞானத்தந்தை, ஞானத்தாய். 'ஃபெ' என்று ஒருவர் பெயருக்கு முன்னால் வந்தால் காலஞ்சென்றவர் என்று பொருள். அதை முதற்பெயர் என்று எண்ணி ஒரு புதிய தாத்தாவையே உருவாக்கிவிட்ட கொடிவழிகளைப் பார்த்திருக்கிறேன்.

மாதப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்ற எண்ணோடு 'ப்ர்' என்று எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை. லத்தீனில் ஏழு என்று பொருள்படும் செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் எண் பத்து டிசம்பர்.

குழந்தை பிறந்தது பெற்றோர் திருமணத்துக்கு முன்பா? தேதிகள் இடிக்கின்றனவே?

முதலில் நாள்காட்டியைச் சந்தேகியுங்கள். பிரான்ஸ் 1582இலேயே கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது; இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. 1700 வரை பத்து நாள், அதன்பின் பதினொரு நாள் வித்தியாசம். அதைவிடப் பெரிய குழப்பம், இங்கிலாந்தில் அதுவரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. அங்கே 1690 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1691. தேதியை எழுதும்போது ஏட்டில் உள்ளதை அப்படியே எழுதி, திருத்தியதைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

ஊர் கிடைத்துவிட்டது. பிரான்சில் இனி என்ன செய்வது?

மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். லா ரோஷெல் பகுதிக்காரர் என்றால் பேறுபெற்றவர், அங்கே புராட்டஸ்டண்ட் பதிவேடுகள் நன்றாகத் தப்பியிருக்கின்றன. பாரிஸ் என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். பாரிஸ் ஹியூகனாட்டுகள் தொழுத ஷாரென்டோன் ஆலயத்தை 1685இல் இடித்தார்கள். அதன் பதிவேடுகள் 1871 மே மாதத் தீயில் எரிந்தன.

பதிவேடு இல்லையென்றால் நோட்டரி ஏடுகளைப் பாருங்கள். குறிப்பாகத் தெற்கில், எளிய குடியானவர்கள்கூடச் சீதனம் குறித்துத் திருமண ஒப்பந்தம் எழுதினார்கள். தப்பியவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்த கோப்புகள் பாரிஸ் தேசியக் காப்பகத்தில் டிடி (TT) என்ற வரிசையில் இருக்கின்றன. துன்புறுத்தியவர்கள் எழுதிவைத்த கணக்கே இன்று நமக்குச் சான்றாவது மனத்தை வருத்தும், ஆனாலும் தயங்காமல் பயன்படுத்துங்கள். 1685க்குப் பிறகு ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி, தங்கை வழி வேண்டுமென்றால் கத்தோலிக்க ஏட்டில்தான் தேட வேண்டும். 1787 வரை வேறு சட்டபூர்வப் பதிவு அவர்களுக்கு இல்லை.

நாங்கள் ஒரு பிரபுவின் வம்சம் என்று பாட்டி சொல்வார். பெயரில் 'டெ' இருக்கிறதே?

'டெ' என்பது இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்றும் பொருள்படும். அகதிகளில் மிகப் பலர் நெசவாளர், தொப்பி செய்பவர், கடிகாரக்காரர், திராட்சை விவசாயி. பாட்டி சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே, சொன்ன நாளோடு எழுதிவையுங்கள். பிரபு பொய்யாக இருக்கலாம். அதே கதையில் வரும் ஆற்றின் பெயர் மெய்யாக இருக்கலாம்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் உள்ள தமிழர்கள் ஹியூகனாட் வழியா?

பெரும்பாலும் இல்லை. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் கத்தோலிக்கத் திருச்சபையின் கீழ் இருந்தன. அதோடு, 1881 செப்டம்பர் ஆணைப்படி தங்கள் சமூகச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அவற்றில் பல பிரெஞ்சுப் பெயர்கள். அந்தக் குடும்பங்களின் வரலாறு தனிச் சிறப்புடையது.

இலங்கை பறங்கியர் வழியிலோ சென்னையிலோ ஹியூகனாட் உண்டா?

உண்டு. நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தவர்களின் பிள்ளைகள் கம்பெனி வேலையில் சேர்ந்து ஆசியாவுக்குக் கப்பலேறினார்கள். 18ஆம் நூற்றாண்டுக் கம்பெனிக் கப்பல்களில் ஏறிய ஊழியர்களின் பட்டியல் நெதர்லாந்து தேசியக் காப்பகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சொந்த ஊரோடு. கொழும்பு ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் இதழில் பல குடும்பங்களின் கொடிவழிகள் அச்சாகியிருக்கின்றன.

சென்னைக்கு வைர வியாபாரி டேனியல் ஷார்டன் வந்தார்; பாரசீகத்துக்குப் பயணம் போன பிரெஞ்சுக்காரர் ழான் ஷார்டனின் சகோதரர். கோட்டையின் புனித மேரி ஆலயப் பதிவேடுகள் 1680இல் தொடங்குகின்றன. சென்னை மாகாணச் சபைப் பதிவுகளின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்2 (N/2) வரிசையில் இருக்கின்றன.

மரபணுச் சோதனை எடுத்தால் தெரிந்துவிடாதா?

பத்துத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் மரபணு உங்களிடம் சிறிதும் இல்லாமலே போயிருக்கலாம். மதத்துக்கு மரபணு கிடையாது, 'ஹியூகனாட்' என்று எந்தச் சோதனையும் சொல்லாது. பிரான்சில் இத்தகைய சோதனையைத் தனியாக வாங்குவதே சட்டப்படி குற்றம், ஆகவே அங்கிருந்து ஒப்பிட ஆட்களும் குறைவு. ஏடுகளில் கண்ட உறவை உறுதிசெய்ய வேண்டுமானால் உதவும்.

ஹியூகனாட் வம்சம் என்றால் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்குமாமே?

ஒரு காலத்தில் கிடைத்தது. மதத்துக்காக வெளியேறியவர்களின் சந்ததியார் திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரர்களே என்று 1790 டிசம்பர் 15ஆம் நாள் சட்டம் சொன்னது. 1945இல் வந்த குடியுரிமைச் சட்டத்தோடு அந்த வாசல் மூடியது.

கேப் ஏட்டில் ஒரு பாட்டியின் பெயருக்குப் பின்னால் 'வான் டெ குஸ்ட்' என்று இருக்கிறது. இது எந்தப் பிரெஞ்சு ஊர்?

பிரெஞ்சு ஊர் இல்லை. 'கடற்கரையைச் சேர்ந்தவள்' என்று பொருள்; அந்தக் கடற்கரை பெரும்பாலும் நம் சோழமண்டலம். சில ஏடுகளில் 'வான் கோரமண்டல்' என்றும் 'வான் டிராங்கிபார்' (தரங்கம்பாடி) என்றும் தெளிவாகவே இருக்கும். 1658 முதல் 1834 வரை கேப்பில் அடிமை முறை இருந்தது. நாகப்பட்டினமும் பழவேற்காடும் ஒல்லாந்தர் கையில் இருந்த காலத்தில், பஞ்சத்தாலும் போராலும் விற்கப்பட்டவர்களைக் கப்பல்கள் ஏற்றிச் சென்றன. ஹியூகனாட் பண்ணைகளிலும் அவர்கள் உழைத்தார்கள். விடுதலை பெற்ற பெண்கள் சிலர் அக்குடும்பங்களில் மணம் முடித்தார்கள்.

ஊர்ப்பெயர் பிறந்த ஊராக இல்லாமல், விற்கப்பட்ட துறைமுகமாகவும் இருக்கலாம். சொந்தப் பெயரைப் பிடுங்கி காத்தரீனா என்றோ ரகேல் என்றோ எழுதியிருப்பார்கள். தேட வேண்டியது விற்பனைப் பத்திரங்கள், விடுதலைப் பத்திரங்கள், ஐந்தாம் ஆறாம் பக்கத்தில் மாடு கலப்பையோடு சேர்த்து மனிதரையும் பட்டியலிட்ட சொத்துக் கணக்குகள்.

என் பேத்தியின் கொடிவழியிலும் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். ஹியூகனாட் கணவனுக்குப் பதினான்காம் நூற்றாண்டு வரை யாராவது ஏற்றிக் காட்டுவார்கள்; அவளுக்கு ஒரு சொல், 'கடற்கரை'. அவள் பெயருக்கு மேலே தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று என இரண்டு கட்டங்களை வரைந்து வெறுமையாக விட்டிருக்கிறேன்.